ஞாயிறு பத்து மணி வகுப்பு

எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்குப் போகாதவனை ஒரு மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். காதுகுத்தோ சீரோ கிடாவெட்டோ, எதுவானாலும் நானும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவேன். மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று தெரிந்து, இரண்டரை வயதில் அறுவை சிகிச்சை செய்து கருவி பொருத்திய பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

கருவி ஒலியைத்தான் கொண்டுவரும், பேச்சை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும் என்றார் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா. சின்ன வயதில் விட்டால் பிறகு கஷ்டம். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயமுத்தூரில் வகுப்பு, தாய் தகப்பன் இருவரும் உட்கார வேண்டும். மனைவி ஒரு வாரமும் தவறவில்லை. விசேஷங்களும் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தன. நான் பாதி வகுப்புக்கு மட்டம் போட்டேன்.

ஒருமுறை காங்கேயம் பக்கம் கிடாவெட்டு. அன்று வகுப்பையே விட்டுவிட்டு மகளையும் கூட்டிப்போனேன். மைக் செட் சத்தம் தாங்காமல் அழுதாள். கருவியின் காதில் மாட்டும் பாகத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பந்தியில் என் மடியில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினார்கள். அவளுக்கு வாய்கள் அசைந்தன, அவ்வளவுதான்.

"என்ன அடக்கமான புள்ளைங்க இது!" என்றார் பக்கத்து இலைக்காரர்.

என் தலையைக் காட்ட அவள் காதைப் பிடுங்கி வைத்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

அதோடு ஞாயிறு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினேன். அடுத்து வந்ததே தங்கை மகன் காதுகுத்து. பவானியில், ஞாயிறு காலை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தங்கைக்குக் கூடப்பிறந்த அண்ணன் நான் ஒருவன்தான்.

"வேற நாள் வெக்கலாமா கண்ணு? அன்னைக்கு வகுப்பு இருக்குது" என்றேன் போனில்.

"சாமிகிட்ட கேட்டு வெச்ச நாளுங்கண்ணா. உங்க மடியில இல்லாம ஆரு மடியிலீங்க உக்கார வெக்கறது?"

ஒரு வாரம்தானே, விட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அப்படி ஒவ்வொரு வாரமாக விட்டவன்தான் நான். வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நாங்க ஆருங்க உங்களுக்கு?" என்று போனை வைத்துவிட்டாள். பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினார்களாம்.

எட்டு மாதம் போனது. வகுப்பில் உறவுக்காரர்களின் போட்டோவைக் காட்டிப் பேசவைத்தார்கள். மகள் என் தங்கையின் போட்டோவைப் பார்த்து "அத்த" என்றாள், வெகு தெளிவாக. அதைத் தங்கையும் கேட்கட்டும் என்று வீட்டுக்கு வந்ததும் போன் போட்டு மகள் காதருகே வைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டேன். அதுவும் ஓய்ந்தது.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அத்த இல்ல" என்றாள்.

இரண்டு சொல்லைச் சேர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டாள்.