மாடிப்படியில் நின்ற திரை

எங்கள் வீட்டுக்குள் லினக்ஸ் வந்தது என்னால்தான். யாரும் கேட்கவில்லை. என் மனைவி வீடுகளுக்கு வரைபடம் போடுபவள். ஒரே அலுவலகத்தில் ஒன்பது வருஷம் உழைத்துவிட்டு, மேலாளரோடு முட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தாள். இனித் தனியாகத் தொழில் என்று முடிவானதும், "திருட்டு சாஃப்ட்வேர வச்சா தொடங்கப் போற?" என்று நான்தான் வாய் கிழியப் பேசினேன். பழைய கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினேன். கட்டாத வீட்டுக்குள் நடந்து பார்க்க உதவும் இலவச மென்பொருள் ஒன்றையும் போட்டுக் கொடுத்தேன்.

அது திறக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு பழசு, இந்த வேலைக்குப் போதாது என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. என்னைப் போன்ற ஆட்களுக்கு இந்த இடத்தில்தான் குஷி பிறக்கும். லினக்ஸில் கார்டை இயக்கும் டிரைவருக்கு நாம் முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைக்கலாம். அதைப் படித்துவிட்டு அதன்படி நடந்துகொள்ளும். சூழல் மாறி என்று அந்த வரிக்குப் பெயர். MESA_GL_VERSION_OVERRIDE என்ற மாறியில் ஒரு பெரிய எண்ணை எழுதினேன். கார்டுக்குத் தெரியாத வித்தையெல்லாம் தெரியும் என்று டிரைவர் அடித்துச் சொன்னது, மென்பொருளும் நம்பித் திறந்துகொண்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தியா, புதுக் கார்டே வேண்டாம்" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனை பாடும் பட்டேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

முதல் வாடிக்கையாளர் சாலைக் கடைத்தெருவில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி. அவருக்கு வீட்டு வரைபடம் பிடித்துப்போனால், அவருடைய இரண்டு தம்பிகளின் வீட்டு வேலையும் இவளுக்கே வரும். பிடிக்காவிட்டால் பழைய அலுவலகம்தான். 'உன் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது' என்று அந்த மேலாளர் மாதம் ஒரு தடவை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் அவள் முகம் சுண்டிப்போகும்.

அண்ணாச்சி வருவதற்கு இரண்டு நாள் முன்பு, அவள் மனை அளக்கப் போயிருந்த நேரத்தில், நான் திரையில் அந்த வீட்டுக்குள் ஒரு நடை நடந்து பார்த்தேன். கூடம் சரி, அடுப்படி சரி, பூஜை அறை சரி. மாடிப்படியில் நாலாவது படியில் கால் வைத்ததும் திரை அப்படியே உறைந்தது. மௌஸ் அசையவில்லை. அணைத்துப் போட்டேன், அதே படியில் மறுபடியும் நின்றது. காரணம் தெரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. படிக்குக் கண்ணாடிக் கைப்பிடி வைத்திருந்தாள். அந்தக் கண்ணாடியை வரையத் தேவையான வித்தை கார்டுக்கு நிஜமாகவே தெரியாது, நான்தான் தெரியும் என்று சொல்ல வைத்திருந்தேன்.

அன்றே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் இன்னொரு வரியைத் தேடிப் பிடித்தேன். LIBGL_ALWAYS_SOFTWARE=1. கார்டை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் பிராசஸரே வரையும். இடுப்பளவு தண்ணீரில் நடப்பதுபோல மெதுவாக இருக்கும், ஆனால் நிற்காது. அந்த வரியை ஒரு கோப்பில் எழுதி வைத்து, டெர்மினல் என்னும் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டித் திறந்தேன். பத்துத் தடவை மாடி ஏறி இறங்கினேன். சாயங்காலம் அவள் கேட்டபோது "எல்லாம் பக்கா" என்றேன். வேகம் எங்கே போயிற்று என்று கேட்டால் அப்போது பூசி மெழுகிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

சனிக்கிழமை காலை அண்ணாச்சியும் அவர் மனைவியும் வந்தார்கள். சாயா குடித்தார்கள். என் மனைவி திரையில் இருந்த ஐகானை இரண்டு தட்டுத் தட்டினாள்.

 முதல் வரியை நான் கம்ப்யூட்டர் முழுக்கப் படிக்கும் கோப்பில் எழுதியிருந்தேன், இந்த இரண்டாவது வரியை எழுதி வைத்தது டெர்மினல் மட்டும் படிக்கும் கோப்பில். ஐகானைத் தட்டித் திறந்தால் அந்த வரி யார் கண்ணிலும் படாது. லினக்ஸ்காரன் ஒவ்வொருவனும் ஒரு தடவையாவது செய்யும் தப்பு இது. நான் பல தடவை செய்தவன். கூடம் வழுக்கிக்கொண்டு வந்தது, அந்த வேகத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ஜோரா ஓடுதே மக்களே" என்றார் அண்ணாச்சியின் மனைவி.

'ஒரு நிமிஷம், மூடிவிட்டுத் திறக்கிறேன்' என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. அவர்கள் மாடிக்குப் போகாமலே இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் வெகுநேரம் நின்றார்கள். ஜன்னல் எந்தத் திசை என்று பேச்சு வந்தது. 

"செரி, மாடிக்கு ஏறிப் பாப்பமா?" என்றார் அண்ணாச்சி.

நாலாவது படியில் திரை நின்றது. நான் எழுந்தேன். அவள் என்னைப் பார்த்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள். அவளுடைய வாடிக்கையாளர், அவளே பார்த்துக்கொள்வாள் என்று அர்த்தம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, அதே ஐகானைத் தட்டி, நேராகப் படிக்குப் போனாள். அதே இடத்தில் மறுபடியும் நின்றது.

"மறுபடியும் அங்கனதான்லா நிக்குது. படியில எதாவது தப்பு உண்டாம்மா?"

அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இருக்கும் அண்ணாச்சி. படி உயரத்துல எனக்க கணக்கு எங்கயோ பிசகியிருக்கு. தப்பு எனக்குத்தான்."

நான் இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். 

அண்ணாச்சி மரியாதைக்காரர். "ஒண்ணும் இல்லம்மா. எனக்க மச்சினன் இஞ்சினியர்லா, அவன்கிட்ட ஒருக்கா காட்டிட்டுப் பறையுதேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அப்படிச் சொல்லிப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அவர்கள் போனதும் அவள் காகிதத்தை எடுத்துப் படிகளைக் கணக்குப் போட ஆரம்பித்தாள். தள உயரம், படி எண்ணிக்கை, ஒரு படியின் உயரம். அடித்துவிட்டு மறுபடி போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். "எல்லாம் செரியாத்தான வருது" என்று தனக்குள் முனகினாள். காது மடல் சிவந்திருந்தது. பிறகு தலை நிமிராமலே, "திங்கக்கிழமை ஆபீஸ் வரைக்கும் ஒண்ணு போய்ட்டு வரட்டா?" என்று கேட்டாள்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"படியில தப்பில்ல. மிஷின்ல நான் செஞ்சு வச்ச வேலை அது."

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"ரெண்டு நாளா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃபோனை எடுத்து அண்ணாச்சியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேஜையில் என் பக்கமாக நகர்த்தினாள். மணி அடித்தது. எடுத்தார். பின்னால் கடைச் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். படியில் குறை இல்லை, கார்டுக்கு முடியாததை முடியும் என்று காட்டியது நான், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

 அண்ணாச்சி கேட்டார். "அப்பம் அந்தப் பிள்ளை தப்பு எனக்குத்தான்னு பறையும்போ நீ ஏன் தம்பி சும்மா இருந்த?"

அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதில் அவருக்கு வேண்டியதைவிட அவளுக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது.

"வெக்கமா இருந்துச்சு அண்ணாச்சி."

"ம்" என்றார். "நாளைக்குக் காலைல வாறேன். மெதுவா ஓடினாலும் பரவாயில்ல. அந்தப் பிள்ளையே காட்டட்டும். நீ அங்கன இருக்காண்டாம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஃபோனைத் தன் பக்கம் இழுத்து, "செரி அண்ணாச்சி" என்றாள்.