அம்மா காட்டிய குருசு

எங்கள் அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் எங்கள் முற்றத்தில் கழுத்து நோக நின்றவர்கள்தான். கலியாணக் காட் கொடுக்க வந்தவர்கள், செபக்கூட்டத்துக்கு வந்தவர்கள், மின்சாரம் திருத்த வந்த தம்பி என்று பொழுதுபட்ட பிறகு அம்மாவிடம் அகப்பட்டவர்களில் ஒருவரைத் தவிர எவரும் வானத்தைப் பாராமல் எங்கள் படலையைத் தாண்டியதில்லை. “மனுசிக்கு வானத்திலை என்ன இவ்வளவு ஆசை?” என்று செத்தவீட்டிலும் சிலர் கேட்டீர்கள். அதற்குப் பதிலை ஒரு வருடமாக யோசித்து, இப்போது எழுதுகிறேன்.

அம்மா யாழ்ப்பாணத்தின் கொழும்புத்துறையில், கடலோடு ஒட்டிய வீடொன்றில், மூத்த மகளாகப் பிறந்தார். சிறுவயதில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கரையில் காயும் கருவாட்டை நாய் தூக்காமல் பார்ப்பது. அம்மா கருவாட்டைப் பார்க்கவில்லை. மல்லாந்து படுத்து வானத்து வெள்ளிகளைப் பார்த்தார். நாய்கள் ஆறுதலாக வந்து தின்றுவிட்டுப் போகுமாம். வாங்கிய அடிகளை எங்களுக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். படிப்பு பாதியில் நின்றுவிட்டது. அதில் அவருக்கு நெடுநாள் கவலை இருந்தது. கலியாணம் முடித்து மீன்பிடி ஊரான குருநகருக்கு வந்தபோது, வீடு சின்னது, முற்றம் பெரிது என்று சந்தோசப்பட்ட மணப்பெண் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அப்பா கடற்றொழிலாளி. வெள்ளி அவருக்குத் தொழில், அம்மாவுக்கு விளையாட்டு. அப்பா பெயர் சொல்லும் வெள்ளிகளுக்கு அம்மா தன் விருப்பத்துக்கு வேறு பெயர் வைப்பார். வரிசையாக நிற்கும் மூன்று வெள்ளிகள் மூன்று இராசாக்கள். வால் வளைந்து கிடக்கும் தேள் எங்கள் வீட்டில் திருக்கை மீன். பாயைப் போட்டு, அண்ணையை ஒரு பக்கமும் என்னை மறுபக்கமும் படுக்க வைத்து, “திருக்கையின்ரை வால் எங்கை முடியுது, சொல்லு பாப்பம்” என்று கேட்பார். வாலின் நுனியை முதலில் கண்டுபிடிப்பவருக்கு அம்மாவின் பக்கத்தில் கூடுதல் இடம். அண்ணை என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எப்போதும் அவர்தான் வெல்லுவார். நான் அழுவேன். பிறகு வேண்டுமென்றே தோற்பார்.

இனி, குருசுக்கு வருகிறேன். எங்கள் தெற்குப் பக்கம் கடல். கடலுக்கு மேலே நான்கு வெள்ளிகள் சிலுவை போல நிற்பதை நம்மவர்கள் குருசு என்பார்கள். அதை நேரே வைத்துக்கொண்டு போனால் எதிர்க்கரை. ஆனால் அதற்கு முன்னாலே, அதே மாதிரி இன்னொரு குருசு எழும்பும். அது பெரிது, கொஞ்சம் மங்கல். தொழிலுக்குப் போகிறவர்கள் அதைக் கள்ளக் குருசு என்பார்கள். நல்ல குருசுக்குப் பின்னால் பிரகாசமான இரண்டு வெள்ளிகள் வரும். குருசைக் காக்கும் தேவதூதர்களாக, அம்மா அவற்றைக் காவல் சம்மனசுகள் என்பார். கள்ளக் குருசுக்குச் சம்மனசு இல்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்ததும் அம்மா எங்களைக் கரைக்குக் கூட்டிப்போவார். ஈர மணலில் முழங்காலில் நின்று, வானத்துக் குருசைப் பார்த்து ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்ல வேண்டும். இது ஊர் வழக்கமல்ல, அம்மாவே உண்டாக்கியது. சிக்கல் என்னவென்றால், தவக்காலத்தில் அந்த நேரத்துக்குக் கள்ளக் குருசுதான் வந்திருக்கும். நல்லது எழும்புவதற்குள் பிள்ளைகளுக்கு நித்திரை வந்துவிடும்.

அப்பா பகிடி பண்ணுவார்: “இஞ்சாரும், பிள்ளையளைக் கள்ளனுக்கு முன்னாலை முழங்காலிலை விடாதையும்.”

“நீங்கள் சும்மா இருங்கோ. உங்கடை நல்ல குருசு வரேக்கை இதுகள் குறட்டை விடுங்கள். வளரட்டும், பிறகு காட்டுவம்” என்பார் அம்மா.

பிறகு காட்டவில்லை. மாதா மாதமான வைகாசியில் நல்ல குருசு நேரத்தோடு வரும், ஆனால் அப்போது சோளகக் காற்று பெயர்ந்து தெற்கு அடிவானம் மூடிக்கிடக்கும். அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று தள்ளிப்போனது. அதற்குள் சண்டை வந்தது. இருட்டிய பின் கரைக்குப் போகிற காலம் முடிந்தது. அண்ணையைக் கடலுக்கு அனுப்புவதில்லை, படிப்பிப்பது என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். அதனால் அண்ணை வள்ளத்தில் ஏறிப் பழகவுமில்லை. குருநகரில் பிறந்து, கள்ளக் குருசை மட்டும் தெரிந்த பெடியனாக அவர் வளர்ந்தார்.

அந்த ஆண்டுகளில் மின்சாரம் இல்லை, விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு மேலே வெள்ளி கொட்டிக் கிடந்தது. அதைச் சந்தோசமாகப் பார்க்கவும் முடியவில்லை. நகரும் வெளிச்சம் எல்லாம் விமானமாகத் தெரிந்தது. வெளிச்சக்குண்டு ஒன்று பரசூட்டில் தொங்கிக்கொண்டு இறங்கினால் முற்றத்து மணல் ஒவ்வொன்றாகத் தெரியும். பதுங்குகுழிக்குள் இருந்தபடி அம்மா, “அசையாமல் நிக்கிற வெளிச்சம் ஒண்டும் செய்யாது. அதை மட்டும் பாருங்கோ” என்பார். அந்தக் குழியின் வாசலால் மூன்று இராசாக்களைக் கண்டு, பயத்திலும் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

அண்ணை உயர்தரப் பரீட்சை எழுதி முடித்ததும், அவரை எப்படியாவது வெளியே எடுத்துவிட வேண்டும் என்று அம்மாதான் முடிவெடுத்தார். கடல்நீரேரியைப் படகில் கடந்து எதிர்க்கரை போய், அங்கிருந்து கொழும்பு. அது ஒரு தவக்காலம். கொழும்புத்துறைக் கரையில் அண்ணையை ஏற்றிவிட அம்மா மட்டும் போனார். அப்பா காய்ச்சலில் கிடந்தார். நான் நித்திரை. படகு எதிர்க்கரை சேரவில்லை. வழமையான ஓட்டி அன்று வரவில்லை என்றும், வந்தவருக்கு அந்தக் கடல் புதிது என்றும், படகு மேற்கே விலகிப் போய் கடற்படை ரோந்துப் படகின் வெளிச்சத்தில் அகப்பட்டது என்றும் பிறகு கேள்விப்பட்டோம். குதித்துத் தப்பிய சிலர் எங்கெங்கோ போய்விட்டார்கள். அண்ணையின் உடல் கிடைக்கவில்லை.

மேற்கே விலகியது என்ற அந்த ஒரு சொல் அம்மாவைப் பிடித்துக்கொண்டது. கள்ளக் குருசு முந்தி எழும்புவதால், நேரம் போகப் போக முந்தி மேற்கே சாயும். அதைப் பார்த்து ஓட்டினால் படகும் மேற்கேதான் போகும். படகில் இருந்தவர்கள் பெரும்பாலும் கடல் தெரியாத வலிகாமத்துத் தோட்டக்காரர்கள். வழி தெரியாமல் போனால் அவர்கள் யாரைக் கேட்டிருப்பார்கள்? குருநகர்ப் பெடியனைத்தானே? அவன் எதைக் காட்டியிருப்பான்? இதை அம்மா எங்களிடம் ஒரே ஒருமுறைதான் வாய்விட்டுச் சொன்னார். அப்பா அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு கள்ளன் என்ற பகிடியும் எங்கள் வீட்டில் எழும்பவில்லை.

அதன் பிறகுதான் வந்தவர் போனவரை எல்லாம் அம்மா முற்றத்துக்கு இழுக்கத் தொடங்கினார். “உது கள்ளக் குருசு. வடிவாப் பாருங்கோ, சம்மனசு இல்லை. நம்பிப் போகாதையுங்கோ” என்பார். சைக்கிளில் மானிப்பாய்க்குப் போக நிற்பவர் எந்தக் குருசை நம்பி என்ன செய்யப் போகிறார்? எனக்குச் சில வேளை வெட்கமாக இருக்கும், சில வேளை எரிச்சல் வரும். நானும் உங்கள் பிள்ளைதானே, எனக்காக ஒருநாள் நிலத்தைப் பாருங்கள் என்று கத்தியும் இருக்கிறேன். அப்பா இறந்த பின் அது இன்னும் கூடிற்று.

ஆனாலும் அம்மாவை வெறும் துக்கமாக நீங்கள் நினைக்கக் கூடாது. துக்கத்துக்குள்ளும் அவருக்கு வானம் இனித்தது. அண்மையில் நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது, இந்தத் தீவிலேயே சந்தோசமாக இருந்தவர் அவர்தான். தெருவும் ஒழுங்கையும் இருண்டதும் கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். என் மகள் தொலைபேசியை வானத்துக்கு நீட்டி வெள்ளிகளின் பெயரை வாசித்துக் காட்டினாள். அம்மா மிகவும் இரசித்துவிட்டு, “உதுக்குத் திருக்கையைத் தெரியுமோ?” என்று கேட்டார். எரிவெள்ளி விழுந்தால் குழந்தை போலக் கை தட்டுவார். கை தட்டிய அதே கை நெஞ்சில் சிலுவை போடும். எங்கள் வீட்டில் சந்தோசம் அண்ணையின் பெயரைத் தொட்டுவிட்டுத்தான் வரும்.

அம்மா இறப்பதற்கு முந்திய ஆண்டு, தவக்காலத்தில், கனடாவிலிருந்து ஓர் அக்கா வந்தார். மானிப்பாய்க்காரர். என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் மாமி. அந்தப் படகில் கைக்குழந்தையோடு இருந்து தப்பியவர் அவர் என்று தற்செயலாகத் தெரிய வந்தது. நான்தான் போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தேன். அம்மாவின் கேள்விக்கு உலகத்தில் பதில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

மாலை நேரம். அம்மா நல்ல சேலை உடுத்து, தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றினார். தான் தம்பி என்று கூப்பிடும் மகனின் முகம் எப்படி இருந்தது, அழுதானா, சாப்பிட்டிருந்தானா என்று ஒன்றும் கேட்கவில்லை.

“பிள்ளை, தம்பி உங்களுக்கு எந்தக் குருசைக் காட்டினவன்?” என்று மட்டும் கேட்டார்.

அந்த அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். வரும் வழியில் நான் அவருக்கு எல்லாம் சொல்லியிருந்தேன்.

“அம்மா, அவர் ஒண்டையும் காட்டேல்லை. வானம் முழுக்க முகில் மூடிக்கிடந்தது. ஒரு வெள்ளியும் தெரியேல்லை. ஓட்டிதான் வழி மாறிப் போனவர். உங்கடை மகன் என்ரை பிள்ளையை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தவர், அவ்வளவுதான்.”

“முகிலோ?”

“ஓம் அம்மா. கறுத்த முகில்.”

அம்மா நெடுநேரம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “ஓம் பிள்ளை. முகில்தான்” என்றார். வெளியே வந்ததும் வழக்கம்போல் முற்றத்தில் நின்று தெற்கே கை நீட்டினார். அந்த அக்கா குனிந்து செருப்பை மாட்டினார், குனிந்தபடியே வாகனத்தில் ஏறினார். எங்கள் முற்றத்துக்கு வந்து வானத்தைப் பாராமல் போனவர் அவர் ஒருவர்தான்.

எனக்கோ நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கினது போல் இருந்தது. ஓடி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். “கேட்டனீங்களே அம்மா? நீங்கள் காட்டினதாலை ஒண்டும் நடக்கேல்லை. இனி நிம்மதியா இருங்கோ” என்றேன்.

அம்மா என் தலையைத் தடவினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“அண்டைக்கு ஒரு பொட்டு முகில் இல்லை, பிள்ளை. படகு மறையும் வரைக்கும் நான் கரையிலை நிண்டனான். ரெண்டு குருசும் பளிச்செண்டு நிண்டது. ஏறேக்கை நான்தான் சொல்லி விட்டனான், ‘பயப்பிடாதை ராசா, குருசைப் பாத்துக்கொண்டு போ’ எண்டு.”

அந்த வார்த்தையை அத்தனை ஆண்டுகளும் அவர் யாருக்கும், அப்பாவுக்கும்கூட, சொன்னதில்லை. அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

அன்றிலிருந்து அவர் யாரையும் முற்றத்துக்கு இழுக்கவில்லை. அடுத்த தவக்காலத்தில் படுக்கையில் விழுந்தார். கடைசி வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து நாங்கள் வீடு வந்ததும், தன்னை வெளியே கொண்டுபோகச் சொன்னார். கதிரையோடு தூக்கி வைத்தோம். தெற்கே திருப்பச் சொன்னார். கடலுக்கு மேலே கள்ளக் குருசு மட்டும் நின்றது.

“கொஞ்ச நேரம் இருப்பமே அம்மா? நல்ல குருசு வரும்” என்றேன்.

“வேண்டாம். தம்பி கடைசியா உதைத்தான் பாத்தவன். நானும் உதையே பாத்திட்டுப் போறன்.”

சிறுமிபோல் கை குவித்து, கர்த்தர் கற்பித்த செபத்தை முழுவதும் சொன்னார். உள்ளே கொண்டுவந்த பிறகு அதிகம் கதைக்கவில்லை. இரண்டு நாளில் உயிர் பிரிந்தது.

அம்மாவின் நோயில் கூட இருந்த வைத்தியருக்கும் தாதியருக்கும், நோயில்பூசுதல் தந்த பங்குத்தந்தைக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கும், சமைத்துத் தந்த, கூட இருந்து அழுத, வெளிநாடுகளிலிருந்து ஓடி வந்த எல்லா உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. அம்மாவுக்காகத் தங்கள் வாசல் விளக்கை மாலையில் அணைத்து வைத்த அயலவர்களுக்கும் தனியாக ஒரு நன்றி.

கடைசியாக, மானிப்பாய் அக்காவுக்கு. இந்த மலர் கனடாவுக்கு உங்கள் கைக்கும் வரும். நீங்கள் சொன்னது பொய் என்று அம்மாவுக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணையின் மடியில் உங்கள் பிள்ளை இருந்தது என்பதை மட்டும் அவர் நம்பினார். சாகும் வரைக்கும் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்த ஆளாக இருக்கும். ஒருமுறை குருநகருக்குக் கூட்டி வாருங்கள். நாங்கள் எந்தக் குருசையும் காட்ட மாட்டோம். அண்ணையின் மடியில் இருந்த பிள்ளையை எங்களுக்கு ஒருக்கால் பார்க்க வேண்டும்.