காலி வண்டி கேட்ட கண்டக்டர்

வில்லியனூர் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டைம்கீப்பர் வந்து சொன்னார். "உங்க பழைய கண்டக்டர் கலியமூர்த்தி காலையில போய்ட்டாராம்பா." டீயைக் கீழே வைத்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் முழுக்கக் குடித்தேன். ட்ரிப்புக்கு ஆறு நிமிடம்தான் இருந்தது. அரியூர் தாண்டிய பிறகுதான் கண் கலங்கி ரோடு தெரியாமல் போனது.

மண்ணாடிப்பட்டு டவுன் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. பதினான்கு வருஷம் நான் ஸ்டியரிங்கில், அவர் பின்படியில். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். படியை அடைத்து நிற்பவர்களிடம், "இன்னாம்மா, வூட்டுல இடம் இல்லன்னா இங்க வந்து நிக்குற? உள்ள போ, உள்ள போ" என்று கத்துவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கூட்டமில்லாத ட்ரிப் அவருக்கு ஆகவே ஆகாது. "எழவு வூடு மாதிரி இருக்குதுடா" என்று முணுமுணுத்துக்கொண்டே வருவார்.

முதலில் நின்றது விசில். வண்டியின் பக்கத் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. கேட்டவர்களிடம் விசில் தொலைந்துபோச்சு என்றார். அது அவர் பையில்தான் இருந்தது, ஊத மூச்சு இல்லை. டிக்கெட் கட்டைப் புரட்டுகிற சாக்கில் கம்பியைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவார். "ஓனருக்குத் தெரிஞ்சா எறக்கிடுவாரு, சொல்லிடாதபா" என்றார். நான் சொல்லவில்லை. டாக்டரிடம் போங்கள் என்று அழுத்தியும் சொல்லவில்லை. மறைப்பதுதான் விசுவாசம் என்று நினைத்தேன், மடையன்.

ஒரு நாள் படியிலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நுரையீரல் அடைப்பு என்றார்கள். பல வருஷமாக உள்ளே வளர்ந்த நோய், இனி முழுசாகச் சரியாகாது, வாயில் வைத்து இழுக்கிற மருந்தும் வீட்டில் ஆக்சிஜனும் வேண்டும் என்றார்கள். யாருக்கும் தொற்றாது என்றும் சொன்னார்கள். அதைத் தெரு நம்பவில்லை. இருமினால் டிபி, அவ்வளவுதான் அவர்களுக்கு. சொந்தக்காரர்கள், பீடி குடித்தான், அனுபவிக்கிறான் என்றார்கள். அவரும் மறுக்கவில்லை. "நானே தேடிக்கினதுபா. யார்கிட்ட போயி அழறது?" என்று என்னிடமே சொன்னார்.

பொங்கலுக்குப் பார்க்கப் போனபோது டிவி அலறிக்கொண்டிருந்தது. காதும் போய்விட்டதா என்று கேலி செய்தேன். அவர் சிரித்தார். வாசல் வரை வழியனுப்ப வந்த அண்ணிதான் சொன்னார். "இருமுற சத்தம் பக்கத்து வூட்டுக்குக் கேக்கக் கூடாதாம். கல்யாணத்துக்கும் போறதில்ல, சாவுக்கும் போறதில்ல. பந்தியில பக்கத்துல ஒக்காந்தவங்க எழுந்து போய்ட்டாங்க. அன்னையில இருந்து கதவ சாத்திக்கினு கெடக்குறாரு." டிபி இல்லை என்று வந்த சளி டெஸ்ட் சீட்டை லேமினேஷன் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தார் அந்த மனிதர்.

பிறகு ஒரு நாள் போனில் கேட்டார். "செல்வம், ஒரே ஒரு தடவ நம்ம வண்டியில வில்லியனூர் வரைக்கும் ஒக்காந்துனு வரணும்பா. ஆளில்லாத ட்ரிப்பா பாத்து சொல்லு." சனிக்கிழமை ரெண்டு மணி ட்ரிப்புக்கு வரச் சொன்னேன்.

சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை கம்பெனி ஷிஃப்ட் சீக்கிரம் விடும் என்பதை நான் மறந்திருந்தேன். திருவாண்டார்கோயிலில் மொத்தக் கூட்டமும் ஏறியது. நெரிசலில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது, நிற்கவே இல்லை. குழந்தை வைத்திருந்த ஒரு பெண் முந்தானையால் அதன் மூக்கை மூடினாள். "யோவ், டிபிய வெச்சினு பஸ்ல இன்னாய்யா வேல?" என்று ஒருவன் கேட்டான். அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்த டெஸ்ட் சீட்டை எடுத்து நீட்டினார். யாரும் வாங்கவில்லை.

குறுக்கே மாடு வந்தாலே ஊர் கேட்கக் கத்துகிறவன் நான். அன்றைக்கு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் ஆள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தகரத்தில் ஒரு தட்டு கேட்டது. என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். இறங்கி, வெளியிலிருந்து இரண்டு தட்டு தட்டினார். நான் வண்டியை எடுத்தேன்.

அடுத்த வாரம் போய் நின்றேன். மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "டைம் போயிடும்பா. நானா இருந்தாலும்... வண்டிய எடுத்துனுதான் போயிருப்பேன்." அதன் பிறகு அவர் வாசல்படி தாண்டவில்லை. நாலு மாதம் ஓடியது.

அடக்கத்துக்குத் தெரு கொள்ளாத கூட்டம். அன்றைக்கு ஒருவரும் தள்ளி நிற்கவில்லை. சாவுக்கு வந்த கும்பலில் பத்தில் ஒரு பங்கு, அவர் உட்கார்ந்து இருமியபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம். முதல் ஆளாக நான் உட்கார்ந்திருக்கலாம்.

அவர் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. நான் கேட்கும் முன்னே அவர் கொடுத்துவிட்ட மன்னிப்பு மட்டும் இருக்கிறது. "இவரு எங்க அண்ணன், இருமுனா இருமட்டும், நீங்க தள்ளி ஒக்காருங்க" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த மன்னிப்பை நான் வாங்கியிருக்கவே வேண்டாம்.