கொடியைப் பத்திரமாகக் கொண்டுவந்தவன்

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் ஒரே பேச்சுதான். மியூனிக் பியர் திருவிழாவுக்கு இந்த வருஷம் போவது தகுமா, தகாதா? விலை ஏறிவிட்டது என்பார்கள். கூட்டம் தாங்காது என்பார்கள். பெஞ்சு மேல் ஏறி நின்று கத்துகிறவர்களில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள், நமக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். இவ்வளவும் பேசி முடித்துவிட்டு, திருவிழாவின் முதல் ஞாயிறு விடியுமுன்னே தோல் கால்சட்டையை மாட்டிக்கொண்டு அத்தனை பேரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். போகலாமா என்று உண்மையிலேயே யோசித்தவன் ஊரில் ஒருவன்தான். அவன் பெயர் குவிரின்.

ஐம்பத்தொரு வயது. சாலைப் பராமரிப்பில் வேலை. கோடையில் குழி அடைப்பான், குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுவான். அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், ஊரின் பாரம்பரிய உடைச் சங்கத் தலைவர் வாஸ்டல் அவனைத் தேடிக் கிடங்குக்கே வந்துவிட்டார்.

"இக்னாட்ஸ் ஏணியிலேருந்து விழுந்து காறை எலும்ப ஒடிச்சுக்கிட்டான். ஞாயித்துக்கெழம திருவிழா ஊர்வலத்துல கொடி தூக்க ஆள் இல்ல. சங்கத்துக்கு நூறாவது வருஷம் வேற. நீதாண்டா தூக்கணும்."

"நான் அங்க போயி எட்டு வருஷமாச்சுண்ணே."

"அதுக்கென்ன இப்போ? ஊர்வலத்துல நட. அப்புறம் பியர் கூடாரத்துல ஒக்காந்து ஒரு ராட்லர் குடி. அதுல என்னடா இருக்கு?"

ராட்லர் என்பது பாதி பியர், பாதி எலுமிச்சை சோடா. எங்கள் ஊரில் பியரையே குடி என்று யாரும் சொல்வதில்லை, அது சாப்பாட்டோடு சேர்ந்தது. அப்புறம் ராட்லரை யார் சட்டை செய்யப்போகிறார்கள்? வாஸ்டல் கெட்ட மனுஷர் இல்லை. எட்டு வருஷமாக ஒரு சொட்டுகூடத் தொடாதவனிடம், நல்லது என்று நினைத்துத்தான் அதைச் சொன்னார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றான் குவிரின்.

யோசிக்க அவனுக்குக் காரணம் இருந்தது. எட்டு வருஷம் முன்பு அந்தக் கொடி அவன் தோளில்தான் இருந்தது. ஒன்பது வயது மகள் அஃப்ரா சிறுமிகள் வரிசையில் அவனுக்கு முன்னால் நடந்தாள். மனைவி ரோசினாவுக்கு அன்று முதியோர் இல்லத்தில் வேலை, வரவில்லை. ஊர்வலம் முடிந்து எல்லாரும் கூடாரத்துக்குள் போனார்கள். ஒரு லிட்டர் குவளையில் ஐந்து குடித்தான். சாயங்காலம் இரண்டு பஸ்களில் ஊர் திரும்பினார்கள். வழியெல்லாம் கொடிக்கம்பை மடியில் கிடத்திப் பிடித்திருந்தான். சங்க அறையில் பட்டுத்துணியை மடிப்பு விழாமல் சுருட்டி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

ரோசினா கதவைத் திறந்தாள். "அஃப்ரா எங்க?"

இந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள், பிள்ளை அந்தப் பஸ்ஸில் இருப்பாள் என்று நினைத்தார்கள், அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் இந்தப் பஸ்ஸில் என்று. அப்பன் நினைக்கவே இல்லை. திருவிழாத் திடலில், காணாமல் போன பிள்ளைகளை வைத்திருக்கும் அறையில் அஃப்ரா ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லையாம். "எங்கப்பா கொடிய வெச்சுட்டு வந்துருவாரு" என்று அங்கிருந்த அம்மாளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

ஊரில் யாரும் அவனைத் திட்டவில்லை. திருவிழா என்றால் அப்படித்தான், பிள்ளைதான் கிடைத்துவிட்டாளே என்று முதுகில் தட்டினார்கள். எவனாவது ஓர் அறை விட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குடியை விட்டான். அதற்கு முன்பு இரண்டு தடவை விட்டு மறுபடி விழுந்தவன், இந்த மூன்றாவது தடவை நின்றுவிட்டான். வியாழக்கிழமைதோறும் பக்கத்து ஊரில் தன்னைப் போன்ற ஆறு பேரோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறான். அஃப்ரா மட்டும் அந்த நாளைப் பற்றி இன்றுவரை அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் ரோசினா ஊதாப் பிளம்ஸ் பழங்களைப் பிளந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னான்.

"என்னக் கேக்காத" என்றாள். "போன்னு சொன்னா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் காரணம். போவேணாம்னா, காலம் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ. அதுக்கும் நான்தான் காரணம்."

"நான் எப்பவாச்சும் ஒன்னக் காரணம் சொல்லியிருக்கனா?"

"குடிச்ச காலத்துல தெனமும் சொன்ன. ஒனக்கு ஞாபகம் இருக்காது."

அவன் ஒரு கத்தியை எடுத்து, தானும் பழம் பிளக்க உட்கார்ந்தான்.

மூன்று நாள் அதையே மென்றான். கொடி தூக்க அவனுக்கு ஆசை இருந்தது. அதை மறைத்து என்ன பயன்? இடுப்புத் தோல்பட்டையில் கம்பு அழுந்தும் கனம், பின்னால் முழங்கும் பித்தளை வாத்தியம், ஏழு கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் ஜனம். வாழ்க்கையில் அவன் நிமிர்ந்து நடந்த நாள்கள் அவைதான். ஆனால் ஊர்வலம் போய் முடிகிற இடம் கூடாரம். அங்கே காற்றிலேயே பியர் இருக்கும். இரண்டு மணி நேரத்து நடைக்காக எட்டு வருஷத்தைப் பணயம் வைப்பதா? வெள்ளிக்கிழமை வாஸ்டலைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு விறகு அடுக்கப் போனான்.

அஃப்ரா வந்து, கேட்காமலே விறகை எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

"வரலன்னு சொல்லிட்டியாமே. நீ வரணும்ப்பா."

"கொடிய வேற யாராச்சும் தூக்கிக்குவாங்க."

"கொடி கெடக்கட்டும். எனக்காக வா."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் விறகைப் பார்த்தபடியே பேசினாள்.

"போன மாசம் தீயணைப்புப் படை விழாவுல குடிச்சேன். எல்லாரும்தான் குடிச்சாங்க. அவங்களுக்கு ஒண்ணுல போதும்னு ஆயிருச்சு. எனக்கு ஆகல. ரொம்பப் பிடிச்சிருந்துச்சுப்பா. அதான் பயமா இருக்கு."

குவிரின் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தான்.

"அப்ப நீயும் போகாத."

"எத்தன எடத்துக்குப் போகாம இருப்பேன்? இந்த ஊர்ல நாய்க்குட்டிக்குப் பேர் வெச்சாலும் பியர் பீப்பா ஒடைப்பாங்க." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். "அந்த மேசையில ஒருத்தருக்காச்சும் அது என்னன்னு தெரிஞ்சிருக்கணும். ஒன்ன விட்டா யாரு இருக்கா?"

அவன் உள்ளே போய் மறுபடி வாஸ்டலைக் கூப்பிட்டான். வருகிறேன், ஆனால் கொடி தூக்கமாட்டேன் என்றான். கொடி தூக்காதவன் எதுக்குடா வர்றான் என்று அவர் எரிந்து விழுந்தார். கடைசியில் அறுபத்தெட்டு வயதில், மூட்டுவலியோடு அவரேதான் தூக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை குவிரின் ஆண்கள் வரிசையில் கடைசி ஆளாக நடந்தான். முன்னால் கொடி ஆடியபோதெல்லாம் கை பரபரத்தது. ஆனாலும் நடந்தான்.

கூடாரத்துக்குள் வாடை மூஞ்சியில் அறைந்தது. நாக்கு உடனே ஊறியது. எட்டு வருஷம் என்பதெல்லாம் நாக்குக்குத் தெரியாது போலும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தண்ணீர் சொன்னான். அஃப்ரா எதிரே உட்கார்ந்து பியர் சொன்னாள்; எங்கள் நாட்டில் பதினாறு வயதிலேயே அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவன் தடுக்கவில்லை. அவள் கால்வாசி குடித்திருந்தபோது, வாஸ்டல் முகமெல்லாம் பாசமாக வந்து அவன் முன்னால் ஒரு குவளையை வைத்தார்.

"பயப்படாத, ராட்லர்தான். தண்ணிய வெச்சுக்கிட்டு எப்புடிடா குவளைய முட்டிக்கிறது?"

மேசையே குவளையைத் தூக்கிக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தது. அவன் கை குவளையின் காதுவரை போய் நின்றது. அதை அவனும் பார்த்தான், அஃப்ராவும் பார்த்தாள்.

"அதுல பாதி பியர்தானே மாமா" என்றாள் அவள்.

அந்தக் கணக்கை எங்கள் ஊரில் அதற்குமுன் யாரும் போட்டதில்லை. வாஸ்டல் விழித்தார். குவிரின் குவளையை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தண்ணீரைத் தூக்கினான். முட்டிக்கொண்டார்கள். வாத்தியக்காரர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள், எல்லாரும் பெஞ்சு மேல் ஏறினார்கள். அவர்கள் இரண்டு பேர் மட்டும் கீழே.

அஃப்ரா மேசைக்குக் குறுக்கே சாய்ந்து, அவன் காதருகே வந்தாள்.

"அப்பா, அன்னைக்கு பஸ்ல வந்தப்ப, என் ஞாபகம் ஒனக்கு வரவே இல்லையா?"

எட்டு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு அவன் எத்தனையோ பதில் செய்து வைத்திருந்தான். இன்னொரு பஸ்ஸில் இருக்கிறாய் என்று நினைத்தேன் என்றால் அவள் நம்பியிருப்பாள். ஊரே அப்படித்தான் சொன்னது.

"வரல" என்றான். "ஒரு தடவகூட வரல."

அவள் கண் நிறைந்தது. பிறகு முக்கால் குவளை பியரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வா, ரயில்ல போயிரலாம்."

பியரை மிச்சம் வைப்பது பாவம் என்று பெஞ்சு மேலிருந்து வாஸ்டல் கத்தினார். அவள் கூட்டத்துக்குள் முன்னால் நடந்தாள். அவள் பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் பின்னால் போனான். ரயில் நிலையம் வரும்வரை, பத்தடிக்கு ஒரு தரம், அவன் வருகிறானா என்று அவளும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.