கைகோத்து நின்ற எத்திலீன்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த பிளாஸ்டிக் குடம் சிவப்பு நிறம். எண்பதுகளில் செஞ்சி பஜாரிலிருந்து என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். பித்தளைக் குடம் சுமந்து காய்ப்பேறிய என் இடுப்புக்கு அது பூப்போல இருந்தது. இன்று பிளாஸ்டிக் என்றாலே எல்லோரும் கரித்துக்கொட்டுகிறார்கள், நியாயம்தான். ஆனால் எனக்கு, அந்தக் குடத்தைத் தட்டிக் காட்டி, "அக்கா, இது மொதல்ல கண்ணுக்குத் தெரியாத வாயுவா இருந்துச்சுன்னா நம்புவீங்களா?" என்று கேட்ட டீச்சரம்மாவின் முகம்தான் நினைவுக்கு வரும்.

டீச்சரம்மா எங்கள் மாடி அறையில் குடியிருந்தவர். பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தார். என் மகளும் அவரிடம்தான் படித்தாள். டீச்சரம்மா வேலைக்குப் புதிது. பார்வையிட வந்த அதிகாரியம்மா கேட்ட கேள்விக்கு வகுப்பில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. "அடுத்த மாசம் வருவேன். அன்னைக்கும் இப்படியே இருந்தா, வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுத மாட்டேன்" என்று சொல்லிப் போய்விட்டார். டீச்சரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன். எட்டாவது படித்தவள் வேறென்ன செய்ய?

என் அடுப்படிதான் அவருக்கு ஒத்திகை மேடை. "எத்திலீன்ல ரெண்டு கார்பன்க்கா. ரெண்டு கையாலயும் ஒண்ணையொண்ணு புடிச்சிருக்கும். ஒரு கையை விட்டுட்டுப் பக்கத்துல இருக்கிறதைப் புடிச்சா, சங்கிலியா நீளும். தனியா இருந்தா ஒற்றைப்படி, கோத்துக்கிட்டா பலபடி. அதான் பாலித்தீன்."

"கைய வுட்டுடுச்சுன்னா இன்னாம்மா அர்த்தம்? புருசன் பொண்டாட்டி சண்டையா?"

"சண்டை இல்லக்கா! இன்னொரு கையை விடவே விடாது."

"அட, தட்டாமாலை சுத்துற புள்ளைங்கள வரிசையா கோத்து வுடுற மாதிரின்னு சொல்லும்மா."

எனக்கு மாவு பிசைந்து தந்துகொண்டிருந்த டீச்சரம்மா அந்தக் கையோடே என்னைக் கட்டிக்கொண்டார்.

அதிகாரியம்மா வந்த அன்று, பாடம் மைதானத்தில் நடந்தது. மதியச் சோறு கொண்டுபோன நான் வேப்பமரத்தடியில் ஆத்தாளைக் கூப்பிட்டபடி நின்றேன். பெண்கள் ஜோடி ஜோடியாக இரு கைகளையும் பிடித்து நின்றார்கள். சங்கிலியைத் தொடங்கிவைக்க டீச்சரம்மா ஒரு கையில் சாக்பீஸோடு போய், மறுகையால் முதல் ஜோடியில் ஒருத்தியைப் பிடித்தார். அவள் தன் ஜோடிக்காரியின் ஒரு கையை விட்டாள். ஜோடிக்காரியின் அந்த வெறுங்கை அடுத்த ஜோடியைப் பிடித்தது. சடசடவென்று சங்கிலி நீண்டது.

அங்கேதான் என் மகள் கெடுத்தாள். கூழ் ஊற்றும் நாளில் எங்கள் தெருப் பெண்கள் கைகோத்து வட்டம் மூடிய பிறகுதான் கும்மிப் பாட்டு எடுப்போம். திறந்த வட்டம் ஆகாது. சங்கிலியின் கடைசியில் ஒரு கை வெறுமையாக நின்ற என் மகள் பழக்கதோஷத்தில் ஓடிவந்து டீச்சரம்மாவின் சாக்பீஸ் கையைப் பிடித்து வட்டத்தை மூடிவிட்டாள். சாக்பீஸ் விழுந்தது. பிள்ளைகள் பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

"நிறுத்துங்க!" என்றார் அதிகாரியம்மா. "யார் வட்டம் போடச் சொன்னது?"

"மூடலன்னா மாரியாத்தா கோச்சுக்கும் மேடம்" என்றாள் என் மகள். டீச்சரம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

அதிகாரியம்மா வெளியே நின்ற இரண்டு ஜோடிகளைக் காட்டினார். "இவங்க ஏன் சேரல?"

அந்த ஜோடிகளில் ஒரு குட்டைப் பெண் வெடுக்கென்று சொன்னாள்: "புடிக்கிறதுக்கு வெறுங்கை எங்க மேடம் இருக்குது? எல்லாம் கோத்துக்கிச்சே. இனிமே நீளாது!"

அதிகாரியம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சங்கிலி வளர்றது எப்ப நிக்கும்னு கேக்கத்தான் வாயெடுத்தேன். டீச்சர், நிரந்தரத்துக்கு எழுதிடறேன். பாட்டை ஏன்டி பாதியில விட்டீங்க? முடிங்க!"

டீச்சரம்மாவுக்கு அந்தப் பாட்டு தெரியாது. வாயை மட்டும் அசைத்து, ஓரடி பின்தங்கி, அழுகையும் சிரிப்புமாகச் சுற்றினார். என்னால் ஒதுங்கி நிற்க முடியவில்லை. தூக்குவாளியை மரத்தடியில் வைத்தேன். இனி நீளாது என்று தீர்ப்பான வட்டத்தில், என் மகளின் கையைப் பிரித்து நானும் நுழைந்துகொண்டேன்.