பதினோரு நாள் நிலக்கரிச் சுரங்கம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கத்தின் வரலாறு மொத்தம் பதினோரு நாள். எந்தக் கெஜட்டிலும் அது ஏறவில்லை. கனிமவளத் துறையில் முப்பத்து நாலு வருடம் கோப்பு தள்ளி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் என்ற தகுதியில் சொல்கிறேன், இனி ஏறவும் ஏறாது. அந்தச் சுரங்கத்தில் முதல் கரியைக் கையில் ஏந்தியவர் என் சித்தப்பா. அதை அங்கே போட்டவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சித்தப்பா மில்லில் வேலை பார்த்தவர். பஞ்சு நெஞ்சில் ஏறுகிறது என்று ஒருநாள் ஷிப்டு முடியும் முன்பே வெளியே வந்தார். பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில், தண்டவாளத்துக்குக் கிழக்கே எங்களுக்கு ஒரு மானாவாரி நிலம் இருந்தது. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் முள். அங்கே கிணறு வெட்டி மிளகாய் போடப்போவதாகச் சொன்னார். தையில் ஆரம்பித்த கிணறு பங்குனி வந்தும் நாற்பது அடியில் நின்றது. மண் முடிந்து, சரளை முடிந்து, பாறை வந்துவிட்டது. தினமும் வேட்டு வைத்தார்கள், தினமும் கல் வந்தது.

அப்பாவுக்கும் மில்லில்தான் உத்தியோகம், எழுத்தர். கையெழுத்தும் கணக்கும் அவரிடம் சுத்தமாக இருக்கும். ஒரு ராத்திரி சாப்பாட்டில் அவர் பொறுமையும் முடிந்தது.

"ஏலே, கல்லைத் தோண்டிக் கல்லை எடுக்கிறதுக்கு எதுக்குடா கிணறு? மலைக்குப் போனா மேலேயே கிடக்கு."

"இன்னும் செத்த ஆழம் போவோம்ணே. தண்ணி கிடக்கு."

"செத்த ஆழம், செத்த ஆழம்னு மூணு மாசமாச்சு."

அந்த வாரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் விடுப்பில் வந்திருந்தார். தெலுங்குக்காரர், ஆந்திராவில் கோதாவரிப் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் மேற்பார்வை வேலை. அப்பா அவரிடம் விஷயத்தைச் சொன்னதும், ஆள் எடுக்கிறார்கள், தம்பியை அனுப்புங்கள் என்றுவிட்டார். "அக்கட அந்தரூ மனவாள்ளே. எல்லாம் நம்ம ஆளுகதான். பாஷை தெரியலைன்னாலும் ரெண்டு மாசத்துல வந்துரும்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னை வைத்துக்கொண்டே சுரங்கத்தைப் பற்றியும் சொன்னார். காலையில் ஆட்களைக் கூண்டில் ஏற்றிப் பூமிக்குள் இறக்குவார்களாம். இறங்கும்போது ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை, ஏறி வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் வில்லையை எண்ணுவார்களாம். எண்ணிக்கை குறைந்தால் சங்கு ஊதுமாம்.

சித்திரை ஒன்றாம் தேதி சித்தப்பா ரயிலேற வேண்டும் என்று முடிவானது.  மறுநாள் காலை சித்தப்பா வழக்கம்போல எனக்குச் சடை பின்னிவிட்டார். விடிவதற்குள் அம்மாவுக்கு ஆயிரம் வேலை, அதனால் என் தலை அவர் பொறுப்பு. மில்லில் அறுந்த நூலை ஓட்டத்திலேயே முடிந்து பழகிய விரல்கள். அவர் போட்ட சடை சாயங்காலம் வரை ஒரு மயிர் பிரியாது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு பக்கம் தளர்வாக விட்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் அன்று முழுக்க யோசித்தேன். கரி இருக்கிற இடத்துக்குச் சித்தப்பா போக வேண்டும் என்கிறார்கள். கரியைச் சித்தப்பா இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால்? பின்னாளில் நான் பார்த்த எத்தனையோ அரசுத் திட்டங்களைவிட இதில் தர்க்கம் ஒழுங்காகவே இருந்தது.

அப்போது எங்கள் ஊர் வழியாகக் கரி எஞ்சின்தான் ஓடியது. ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கரித்துண்டுகள் சிதறிக் கிடக்கும். அடுப்புக்குப் பொறுக்க வருகிற பெண்கள் என்னை விரட்டினார்கள். "ஏட்டி, உங்க வீட்ல விறகுக்கா பஞ்சம்? போட்டி அங்கிட்டு!" நான் அசையவில்லை. ஐந்து நாள் பள்ளிக்கூடம் விட்டதும் பொறுக்கி, மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்கு அடியில் சேர்த்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது அம்புட்டையும் பள்ளிக்கூடப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். லீவு நாளிலும் பையைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று அம்மாவுக்குப் பெருமை.

கிணற்றில் மத்தியானம் வேட்டு வைப்பார்கள். வெடித்ததும் உள்ளே புகை நிற்கும், அது அடங்கும்வரை மேஸ்திரியும் நாலு ஆட்களும் தூரத்து வேப்பமரத்தடியில் கஞ்சி குடிப்பார்கள். சித்தப்பாவும் அங்கே சாப்பிட உட்கார்ந்தார். நான் கிணற்று மேட்டில் குப்புறப் படுத்து, பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். சத்தம் வர வெகுநேரம் ஆனது போலிருந்தது.

புகை அடங்கி உள்ளே இறங்கிய மேஸ்திரி, முதல் கூடைக் கல்லோடு ஒரு கரித்துண்டையும் மேலே அனுப்பினார். சித்தப்பா அதைக் கையில் வாங்கி, வேட்டியில் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே ஏறிவந்த மேஸ்திரி சிரித்தார்.

"வே, இது ஸ்டேஷன் கரி மாதிரில்லா இருக்கு?"

"ஸ்டேஷன் கரி மட்டும் வானத்துல இருந்தா வே விழுந்துது? அதுவும் பூமிக்குள்ள இருந்துதான வந்துது!"

மேஸ்திரி துண்டை வாங்கி இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தார்.  சாயங்காலத்துக்குள் தேவதானம் வரை சேதி போய்விட்டது. சைக்கிளில் வந்தார்கள், மாட்டுவண்டியில் வந்தார்கள். ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது, இங்கே கரி கிடக்கிறது, இரண்டையும் சேர்த்தால் சிமெண்டு, இனி மாவட்டத்துக்கு என்ன குறை என்று ஒருவர் பிரசங்கம் செய்தார். நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்றார் இன்னொருவர். எடுக்கட்டும், ரயில் இங்கே நிற்கும் என்றார் வேறொருவர். சித்தப்பா மட்டும் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது மிளகாய்க்குத் தண்ணீர்.

நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது அப்பாவை. அரசாங்க முத்திரை குத்திய காகிதத்தைச் செருப்பைக் கழற்றிவிட்டு வாங்குகிற மனிதர் அவர். அன்று ராத்திரியே உட்கார்ந்து, 'மகாகனம் பொருந்திய' என்று தொடங்கி மனு எழுதினார். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டு, பால்கோவா வாங்கக்கூடத் தோன்றாமல் திரும்பிவந்து ஒரே உத்தரவு போட்டார்.

"சர்க்கார் வந்து பாக்குறவரைக்கும் கிணத்துல யாரும் கைவைக்கப்படாது."

வேலை நின்றது. சித்தப்பாவுக்காகப் போட்ட கரி, சித்தப்பாவின் கிணற்றையே மூடிவிட்டது. மூன்று நாள் சும்மா இருந்த மேஸ்திரி, நாலாம் நாள் கணக்கைப் பேசினார். "தளவாய்புரத்துல ஒரு கிணறு காத்துக் கிடக்கு. அடுத்த வியாழக்கிழமை நாங்க கிளம்புதோம். பொறவு எங்களைக் குத்தம் சொல்லப்படாது." அவர் போய்விட்டால் அந்தக் கோடையில் வேறு ஆள் கிடைக்காது. சித்திரைக்கு மிச்சமிருந்தது இரண்டு வாரம். பக்கத்து வீட்டு மாமா ஊருக்குக் கிளம்பும்போது, "கரி வந்தாலும் ஆள் இறங்கித்தானே எடுக்கணும்? அதுக்கு அக்கட வந்து தொழில் கத்துக்கட்டுமே" என்று சொல்லிவிட்டுப் போனார். இது எனக்குத் தோன்றவே இல்லை.

பதினோராம் நாள், புதன்கிழமை, அதிகாரி வந்தார். ஒரு மனுவுக்குப் பத்து நாளில் ஜீப் வருவதை என் சர்வீஸில் நான் கண்டதில்லை. அந்த அதிசயத்துக்கும் காரணம் இருந்தது. அவர் நிலவியல் அதிகாரி, சுண்ணாம்புக்கல் வேலையாக ஆலங்குளத்தில் முகாம் போட்டிருந்தவர். தாசில்தார் வாய்வழியாகச் சொல்லி, வழியில் எட்டிப் பார்க்க வந்திருக்கிறார்.   அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகாமல் அப்பாவின் பின்னாலேயே கிணற்றுக்குப் போய்விட்டேன்.

கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். மேலே குவித்துவைத்திருந்த கரியில் ஒன்றை அப்பா எடுத்து நீட்ட, வாங்கினார், கீழே போட்டார். அவ்வளவுதான் பார்த்தார். பிறகு கூடையில் உட்கார்ந்து வடத்தைப் பிடித்துக்கொண்டு நாற்பது அடி இறங்கினார். மேலே நின்ற கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. சுத்தியலால் தட்டும் சத்தம் வந்தது, வெகுநேரம் வந்தது. ஏறிவந்தபோது சட்டை முழுக்க அழுக்கு.

"கிணறு யாரோடது?" என்று கேட்டார். சித்தப்பா முன்னால் வந்து, "கரி கிடந்தா எடுத்துக்கோங்கய்யா. ஒரு ஓரமாத் தண்ணிக்கு மட்டும் எடம் விட்டாப் போதும். இல்லேன்னா என்னை ஆந்திராவுக்கு அனுப்பிருவாக" என்றார். கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. அவர் பார்வை கூட்டத்தைச் சுற்றிவந்து என் மேல் நின்றது.  பக்கத்தில் வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் ஒரு துண்டுச் சிலேட்டுக்குச்சி.

"மேட்டுல கிடந்துச்சு பாப்பா. உன்னோடதா?"

என்னுடையதுதான். ஒரு பக்கம் நான் கடித்த பல்தடம். தொலைந்துபோனது என்று நினைத்திருந்தேன். தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஜீப்பின் மூக்கில் நோட்டை வைத்து ஒரு தாளில் எழுதி, கிழித்து, அப்பாவிடம் கொடுத்தார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கி, கூட்டத்துக்குக் கேட்க வாசித்தார். 'மேற்படி கிணற்றை மேலும் பத்து அடி ஆழப்படுத்தி, அடிப்பாறையில் மாதிரி எடுத்து அனுப்ப வேண்டியது. அதுவரை பணியைத் தடையின்றித் தொடர வேண்டியது.' சர்க்கார் உத்தரவு என்றதும் மேஸ்திரி, இப்போதைக்கு வரமுடியாது என்று தளவாய்புரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார். அப்பாவே மறுநாள் லீவு போட்டு வந்து வடம் இழுத்தார்.

ஏழாவது அடியில், கிழக்குப் பக்கம் வைத்த வேட்டுக்கு, பாறை பிளந்து தண்ணீர் வந்தது. உள்ளே இருந்த ஆட்கள் கருவிகளை எடுக்கக்கூட முடியாமல் ஏறினார்கள். ஒரு வாரத்தில் பத்தடி நின்றது. அடிப்பாறையில் மாதிரி எடுக்க இனி முத்துக்குளிக்கிறவனைத்தான் கூப்பிட வேண்டும். சுரங்கம் முழுகிவிட்டதே என்று ஊரில் சிலர் துக்கம்கூட விசாரித்தார்கள். சித்தப்பா ரயிலேறவில்லை. தண்ணீர் வந்த மறுநாள் காலை அவர் பின்னிய சடை தலை வலிக்கிற அளவுக்கு இறுக்கம்.

கடைசிவரை அவர், "கீழ கரி கிடக்கு, தண்ணி மூடிட்டு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய வயதில் நான் சொல்லவில்லை. பிற்பாடு, ஒரு மனிதரிடமிருந்து அவருடைய சுரங்கத்தைப் பிடுங்க மனம் வரவில்லை.

போன வருடம் சித்தப்பா காலமானார். பட்டா மாற்றுவதற்காகப் பழைய தகரப்பெட்டியைக் கிளறியபோது அந்தத் தாள் கிடைத்தது. பழக்கதோஷம், குறை கண்டுபிடிக்கிற கண்ணோடு வாசித்தேன். கோப்பு எண் இல்லை. தேதி இல்லை. எந்த விதியின் கீழ் என்று இல்லை. முத்திரை இல்லை, பதவி இல்லை, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிறுக்கல். எங்கள் பக்கத்துக் கருங்கல் பாறையில் நிலக்கரி கிடைக்கவே கிடைக்காது, அது முதல் வருடப் பாடம். இன்னொருவருடைய கிணற்றைத் தோண்டச் சொல்லி உத்தரவிட எந்த நிலவியல் அதிகாரிக்கும் அதிகாரம் கிடையாது. 'நிலக்கரி இல்லை, மனு தள்ளுபடி' என்று ஒரு வரி எழுதுவதுதான் முறை. நானாக இருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன். அதுபோல ஆயிரம் எழுதியிருக்கிறேன். தாளின் பின்பக்கம், அதே கையெழுத்தில், பென்சிலில், அப்பா கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக ஒரு குறிப்பு: 'கி. பக்கம் வெடிப்பு, ஈரம்.'

அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவரை விட்டு ஒரு கணமும் கண் எடுக்காமல் நின்றவள் நான். மேட்டில் அவர் எங்கேயும் குனியவில்லை. குனிந்திருந்தால் கிணற்றுக்குள்தான்.

ஆனால் அந்தச் சாயங்காலம், ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திரும்பியபோது, எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. அவ்வளவு படித்தவர், நாற்பது அடி இறங்கி, சுத்தியலால் அத்தனை நேரம் தட்டிப் பார்த்தும் ஏமாந்து போய்விட்டார். குச்சியைக் கையில் இறுக்கி வைத்துக்கொண்டு, அவருக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன்.