ரச ஜாடி

கடற்கரைக் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்குத் திராட்சை ரசம் பிழியும் கோயில்பிள்ளை அவர். மெலிந்த உடம்பு. பேசும்போது விரல்களை முகர்ந்துகொள்வார். ரசத்தின் பழங்கதை கேட்கப் போயிருந்தேன்.

"பறங்கிச் சாமியாருவ கப்பல்ல கொண்டுவந்தாவ. கப்பல் வராத வருசம் உணங்குன திராட்சைய ஊறப்போட்டுப் பிழிஞ்சாவ."

அப்போது வெளியே திருவிழாக் கொடி ஏற்றுவதில் ஊரின் இரு தரப்புக்கும் இடையே வெட்டுக்குத்து மூண்டது. ரத்தம் வழிய ஒருவன் எங்களிடம் ஓடிவந்து விழுந்தான். துரத்தி வந்தவன் அரிவாளை ஓங்கினான். கோயில்பிள்ளை பக்கத்திலிருந்த ரச ஜாடியைத் தூக்கி அவன் தலையில் அடித்தார். ஜாடி உடைந்தது, அவன் சரிந்தான்.

"மக்கா, ஆம்புலன்ஸ் விளி. ரெண்டுபேருக்கும் சேத்து விளி. நான் ஜாடியால அடிச்சவன் எனக்க மவனாக்கும்."

வண்டி வரும்வரை மகன் தலையை மடியில் வைத்துக் காயத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டிருந்தார். அடிக்கும்போது அந்தக் கை கொஞ்சமும் தயங்கவில்லை. அது அவரால் எப்படி முடிந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.